சொல்லாமல் கெட்டித்த மருந்து

4.11.2024
கடலைக் காட்டில் மறுபடியும் பன்றி. நான்கு பாத்தியைக் கிளறிப் போட்டிருக்கிறது. சுடுவதற்குப் பஞ்சாயத்து அனுமதி வந்துவிட்டது. அப்பாவின் பழைய துப்பாக்கியைத் துடைத்து வைத்தேன். லைசன்ஸில் என் பெயரும் உண்டு, தம்பி சந்துரு பெயரும் உண்டு. ஆனால் நாங்கள் பேசிப் பதினெட்டு நாள் ஆகிறது. வாய்க்கால் தண்ணீர் முதலில் யார் காட்டுக்கு என்று வந்த சண்டை. அவனே வந்து பேசட்டும்.

6.11
சாயங்காலம் பித்தளை மூடியில் வெடிமருந்தை அளந்து, துப்பாக்கிக் குழலில் இடித்துக் கெட்டித்து, ஈய ரவை போட்டு, காட்டுச் சாளைச் சுவரில் மாட்டினேன். கெட்டித்தவன் மற்றவனிடம் சொல்லிவிட வேண்டும், அப்பா காலத்திலிருந்து அதுதான் வழக்கம். சந்துரு பத்தடி தள்ளி மாடு கட்டிக்கொண்டிருந்தான். சொல்லவில்லை. சொன்னால் நான் முதலில் பேசியதாகிவிடுமே. எப்படியும் விடியற்காலையில் காவலுக்குப் போகப்போவது நான்தான்.

7.11
சந்துரு போய்விட்டான்.

9.11
அன்று நான் தூங்கிப்போனேன். அவன் மனைவி ஜீவிதா அழுதுகொண்டே சொன்னாள்: "அண்ணன் எந்திரிக்கக் காணோம், அசதியா இருக்கும், நா போயிக்கறேன்னுதானுங்க போனாரு, மாமா."
துப்பாக்கி பின்பக்கமாக, அவன் முகத்துக்கே வெடித்திருக்கிறது.
எனக்குப் பதிலா நீ எதுக்குடா போனே? எதுக்குடா?

14.11
பாலக்காட்டிலிருந்து போலீஸுடன் துப்பாக்கி நிபுணர் வந்தார். பிளந்த குழலைக் காட்டி மலையாளத்தில் விளக்கினார். மருந்து தீப்பற்றியதும் நொடியில் சூடான வாயுவாகிவிடுமாம். அதற்கு இருக்கிற இடம் பத்தாது. முன்னால் இருக்கும் ரவையைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். ரவை பாய்வது அந்தத் தள்ளலில்தான். இதில் மருந்தும் ரவையும் இரண்டு தடவை கெட்டித்திருக்கிறது. அத்தனை வாயுவின் அழுத்தத்தையும் இரும்பு தாங்கவில்லை.
"உந்தம்பி ஒருக்கா கெட்டிச்சத மறந்துட்டு இன்னொருக்கா கெட்டிச்சிருக்கறானப்பா" என்றார் காளிச்சாமி சித்தப்பா. எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.
அவன் மறக்கவில்லை. நான் சொல்லாததால் குழல் காலி என்று நம்பியிருக்கிறான்.

17.11
ஊரெல்லாம் அதே பேச்சு, சந்துரு கவனமில்லாதவன் என்று. ஜீவிதா என்னிடம் வந்து கேட்டாள்: "அந்தப் பித்தளை மூடியில தலதட்டி அளந்துதானுங்க மருந்து போடுவாரு. ஒரு பொட்டுக் கூடக்கொறைய இருக்காது. அவரு மறக்கற ஆளுங்களா மாமா?"
மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று எழுந்து போனேன். நானெல்லாம் ஒரு அண்ணன்.

22.11
கருமாதி. பந்தியில் சித்தப்பா மறுபடியும் ஆரம்பித்தார், "கவனம் வேணுமப்பா" என்று. இலையை விட்டு எழுந்தேன்.
"மொதல்ல கெட்டிச்சது நானுங்க. அவங்கிட்டப் பேசக்கூடாதுன்னு வீம்புல சொல்லலீங்க."
யாரும் சாப்பிடவில்லை. நேராக ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்தேன்.

2.12
வாய்க்காலில் தண்ணீர் வந்தது. முதல் தண்ணீரைச் சந்துரு காட்டுக்குத் திருப்பிவிட்டேன். ஜீவிதா வரப்பில் வந்து நின்றாள்.
"அந்த மூடியக் குடுங்க."
சாளையிலிருந்து எடுத்து வந்து கொடுத்தேன். துடைத்து முந்தானையில் முடிந்துகொண்டு போனாள்.
மாமா என்று கூப்பிடவில்லை.