நான் நிறுத்திய எச்சரிக்கை

10 ஜூன் 2025, செவ்வாய்

கடையைத் திறக்கும்போதே சிங்கவரம் தங்கராசு அண்ணன் வாசலில் நின்றிருந்தார், கையில் மகள் ஜெயஸ்ரீயின் போனோடு. "இன்னா வளரு இது? எம் பொண்ணு மெயில்ல எவனோ பூந்துட்டான்னு நாலு நாளா வந்துனே இருக்குது. ஒரே டென்ஷனா இருக்குதும்மா."

பூந்தது எவனோ இல்லை, நான்தான். போன வாரம் கடைக் கம்ப்யூட்டரில் ஒரு சாஃப்ட்வேர் போட்டேன். என்னிடம் மெயில் தொடங்கிய அறுபத்திரண்டு பேருக்கும் வரும் கடிதங்கள் ஒரே திரையில் வந்து விழும். யாருக்காவது இன்டர்வியூ வந்தால் நான் போன் போட்டுச் சொல்வேன். பாஸ்வேர்டு எல்லாம் என் நோட்டில்தான். விண்ணப்பம் போட ஆன்லைன் கடைக்கு வருகிறவர்களில் யார் அதைத் தானே வைத்துக்கொள்கிறார்கள்? வேறு கம்பெனி சாஃப்ட்வேர் நுழைவதைப் பார்த்து மெயில்காரன் பயந்துபோய் எச்சரிக்கை அனுப்புகிறான். அவ்வளவுதான் விஷயம்.

அதை அப்படியே சொல்லியிருக்கலாம். "ஏதோ வைரஸ்ண்ணே, நான் பாத்துக்கறேன்" என்றேன். ஏன்? உங்கள் மகளின் கடிதங்கள் எல்லாம் என் கண்ணில் பட்டுத்தான் போகின்றன என்று சொல்ல வாய் வரவில்லை.

13 ஜூன், வெள்ளி

சந்தை நாள். ஜெராக்ஸுக்கு நின்ற கூட்டத்தில் ஜெயஸ்ரீயே வந்துவிட்டாள். நர்சிங் முடித்தவள். புதுச்சேரியில் ஒரு பெரிய மருத்துவமனைக்கு விண்ணப்பம் போட்டதும் என் கடையில்தான். "மறுபடியும் வருதுக்கா. 'இது நீங்களா'ன்னு கேக்குது. இன்னா அமுக்கறது?"

எரிச்சல். போனை வாங்கி மெயிலையே அதிலிருந்து எடுத்துவிட்டேன். "இனிமே தொல்லையே இல்ல. லெட்டர் வந்தா நானே கூப்புடறேன்."

"நீங்க பாத்தா போதும்க்கா" என்றாள். அவளுக்கு நிம்மதி. என் குட்டு உடையவில்லை என்று எனக்கும் நிம்மதி.

21 ஜூன்

எச்சரிக்கை வந்ததென்று வந்த மற்றவர்களிடமும் "கண்டுக்காதீங்க" என்றேன். இந்த வாரம் யாருமே வரவில்லை. பிரச்சினை தீர்ந்தது, வளர்மதி பெரிய மேதாவிதான்.

30 ஜூன், திங்கள்

வல்லத்திலிருந்து பெரியதம்பி அண்ணன் வந்தார். காலேஜிலிருந்து மெயில் அனுப்பியிருக்கிறார்களாம், பிரின்ட் வேண்டுமாம். என் திரையில் இல்லை. நேராக அவர் மெயிலுக்குள் போய்ப் பார்த்தால் இருக்கிறது!

எச்சரிக்கைக்கு யாரும் பதில் சொல்லாததால் மெயில் கம்பெனி என் சாஃப்ட்வேரை வெளியே தள்ளிவிட்டிருக்கிறது. திரைக்குக் கடைசியாகக் கடிதம் வந்தது பதினாறாம் தேதி. இரண்டு வாரம் பழைய கடிதங்களையே பார்த்துக்கொண்டு, யாருக்கும் ஒன்றும் வரவில்லை என்று உட்கார்ந்திருக்கிறேன்.

ஒவ்வொருவர் மெயிலாகத் திறந்தேன். ஜெயஸ்ரீக்குப் பதினெட்டாம் தேதியே கடிதம் வந்திருக்கிறது. இன்டர்வியூ ஜூன் 27, காலை பத்து மணி.

போன வெள்ளிக்கிழமை.

அய்யோ. இன்னா காரியம் பண்ணி வச்சிருக்கேன்.

1 ஜூலை

மருத்துவமனைக்கு நானே போன் செய்தேன். "ஆள் எடுத்தாச்சும்மா. அடுத்த வருஷம் பாருங்க" என்றார்கள். கெஞ்சிப் பார்த்தேன், வைத்துவிட்டார்கள்.

ஜெயஸ்ரீயிடம் இன்னும் சொல்லவில்லை. கடிதமே வரவில்லை என்று சொல்லிவிட்டால்? அதை அழிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது, பாஸ்வேர்டு என்னிடம்தானே இருக்கிறது — மவுஸில் கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். சீ, நானா இப்படி?

அழிக்கவில்லை. பிரின்ட் எடுத்துப் பையில் வைத்தேன்.

2 ஜூலை

சிங்கவரம் போனேன். ஜெயஸ்ரீ அம்மாவோடு உட்கார்ந்து மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். கடிதத்தைக் கொடுத்தேன். சாஃப்ட்வேர், வைரஸ் என்று சொன்ன பொய், போனிலிருந்து மெயிலை எடுத்த காரணம் எல்லாவற்றையும் சொன்னேன். தேதியைப் பார்த்தவள் தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

தங்கராசு அண்ணன்தான் கத்தினார். "உன்ன நம்பித்தானே வளரு போன குடுத்தா எம் பொண்ணு!"

ஜெயஸ்ரீ கேட்டது ஒன்றுதான். "அப்ப உள்ள ஆள் பூந்துட்டாங்கன்னு வந்தது நெஜந்தானாக்கா?"

நிஜம்தான் என்றேன்.

6 ஜூலை, ஞாயிறு

சாஃப்ட்வேரை எடுத்துவிட்டேன். எல்லோரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, அவரவர் பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளச் சொல்கிறேன். பாதிப் பேர் "நீயே வச்சுக்கம்மா" என்கிறார்கள். கேட்கவே வெட்கமாக இருக்கிறது.

19 ஜூலை, சனி

ஜெயஸ்ரீ வந்தாள். திண்டிவனத்தில் ஒரு சின்ன கிளினிக்கில் சேர்ந்திருக்கிறாள், தினமும் பஸ்தான். மெயிலை அவள் போனில் திரும்பப் போட்டோம். பழைய பாஸ்வேர்டு கேட்டது, நோட்டைப் பார்த்துச் சொன்னேன். அடுத்து, புதியது கேட்டது.

விரலைத் திரையில் வைத்தவள் நிமிர்ந்தாள். முகத்தில் கோபம் இல்லை.

"கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்குங்கக்கா."

திரும்பிக்கொண்டேன். அவள் "ஆச்சு" என்று சொல்லும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.