ஐந்தாம் நாள் பயிற்சி

கப்பல்துறை,
09.11.2025

அன்புள்ள பிரசாந்திக்கு,

கஜந்தி எழுதுகிறேன். கமலேஸ்வரி அக்கா லீவு முடிந்து வியாழக்கிழமை குவைத்துக்குத் திரும்புகிறா. அவவின் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். வெள்ளிக்கிழமைகளில் நீ வேலை செய்கிற வீட்டுக்கார மடம் தருகிற பத்து நிமிடத்தில், அவ பக்கத்தில் நிற்க, போன் ஸ்பீக்கரில் கிடக்க, கதைக்கக்கூடிய விசயம் இல்லை இது. வேலையெல்லாம் முடித்து, கதவைச் சாத்திக்கொண்டு, இருந்து வாசி.

தேனுகா உயிரோடு இருக்கிறாள். அதை முதலில் எழுதிவிடுகிறேன். ஆனால் வீட்டில் இல்லை. இன்றோடு பதினைந்து நாளாகத் திருகோணமலை ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். போன வெள்ளிக்கு முதல் வெள்ளி, அவள் மட்டக்களப்புக்கு மெட்ச் விளையாடப் போய்விட்டாள் என்று உனக்குச் சொன்னேனே, அது பொய். நேற்று முன்தினம் அவளே உன்னோடு கதைத்தாள். குரல் அடைத்திருக்கிறது, மைதானத்தில் இப்படிக் கத்தாதே என்று நீ ஏசினாய். அவள் கட்டிலில் படுத்தபடி சிரித்துக்கொண்டு கேட்டாள். அம்மாவுக்குச் சொன்னால் அம்மா அங்கே சாப்பிடமாட்டா என்று என் கையைப் பிடித்துக் கெஞ்சினாள். அதுதான் சொல்லவில்லை என்று எழுதினால் அதுவும் பாதிப் பொய். எனக்கு வாய் வரவில்லை, பிரசாந்தி. என் பயிற்சியில்தான் அவள் விழுந்தாள்.

தொடக்கத்தில் இருந்து சொல்கிறேன். நீ எங்கே என்னை ஏச வேண்டுமோ அங்கே ஏசு.

எங்கள் பள்ளிக்கூடக் காலத்து வலைப்பந்துப் பயிற்சி உனக்கு நினைவிருக்கும். பதினாலு பேருக்கு ஒரு பந்து. வரிசையில் நின்று, முறை வரும்வரை ஒருத்தியின் தலையை மற்றவள் பின்னிக்கொண்டு, ஊர்க்கதை கதைத்துக்கொண்டு நிற்போம். ஒரு மணித்தியாலத்தில் ஆறு தரம் பந்து கைக்கு வந்தால் பெரிய விசயம். நீ மட்டும் வரிசைக்குள் புகுந்து பன்னிரண்டு தரம் எடுப்பாய். கள்ளி. அதனால்தான் நீ நடுவில் நின்று ஆட்டத்தை ஓட்டுகிற சென்டர் ஆனாய், நான் கடைசிவரை வளையத்தடியில் காவல் நின்றேன்.

இந்த ஆடை ஆலைப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கிய அன்றே வரிசையை ஒழித்துவிட்டேன். பதினாலு பேர், ஏழு பந்து. ஐம்பது நிமிடம், அதற்கு மேல் ஒரு நிமிடம் இல்லை. காலை ஏழு மணியில் இருந்து தையல் மெஷினோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவர்களை இரண்டு மணித்தியாலம் மறித்து வைத்தால் உடம்புதான் நிற்கும், மனம் வீட்டுக்குப் போய்விடும். நான்கு நிமிடம் ஒரு வேலை. விசில் ஊதினால் ஓடிப்போய் அடுத்த வேலை. ஒரு மூலையில் இருவர் இருவராக ஓடிக்கொண்டே எறிவது, மற்ற மூலையில் வளையத்துக்குள் போடுவது, நடுவில் மூன்றுக்கு மூன்று ஆட்டம். பந்தைப் பிடித்தவளைப் பார்த்து எல்லாரும் சேர்ந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று உரத்து எண்ண வேண்டும். மூன்றுக்குள் எறியாவிட்டால் பந்து மற்றப் பக்கத்துக்கு. தண்ணீர் குடிக்க முப்பது விநாடி, அதையும் நடந்துகொண்டே குடிக்க வேண்டும். பிழை விட்டதற்குத் தண்டனை ஓட்டம் என்று ஒன்று என்னிடம் இல்லை. இன்னும் ஒரு ஆட்டம், மிஸ், என்று அவர்கள் கெஞ்சுகிற நேரத்தில் முடித்துவிடுவேன். மறுநாள் கூப்பிடாமலே வருவார்கள்.

வீட்டிலும் ஆலையிலும் குரல் உயர்த்தாத பிள்ளைகள் போடுகிற சத்தம் கண்டி வீதியில் போகிற பஸ்வரை கேட்கும். அதிலே உன் மகளின் சத்தம்தான் பெரிது. வீட்டில் நான் அன்ரி, மைதானத்தில் மிஸ். வீட்டில் குசினிக்குள் என்னோடு சண்டை பிடித்துவிட்டு வந்தாலும் அங்கே ஒரு சொல் மறுத்துக் கதைக்கமாட்டாள். உன்னைப் போலவே சென்டர். உன்னைவிட நல்ல சென்டர், கோபிக்காதே.

எங்கள் அணியில் ஆறு பேர் வெள்ளைமணல் பிள்ளைகள். போன ரமழான் வந்தபோது நான் ஒவ்வொரு வீடாகப் போனேன். ஸல்ஹாவின் உம்மாவோடு இருந்து, எத்தனை மணிக்குப் பிள்ளை எழும்புகிறது, என்ன சாப்பிட்டு நோன்பு பிடிக்கிறது, பின்னேரம் எவ்வளவு களைக்கும் என்று எல்லாம் கேட்டு எழுதினேன். அந்த மாதம் முழுக்க ஓட்டம் இல்லை. நோன்பு திறக்க முன் அரை மணித்தியாலம், நிழலில், நின்ற இடத்தில் வளையத்துக்குள் போடுகிற பயிற்சி மட்டும். அது முடிய எல்லாரும் ஒன்றாக இருந்து கஞ்சி குடிப்போம். அந்த ஏற்பாட்டைப் பற்றி எனக்குள்ளே கொஞ்சம் பெருமையும் இருந்தது. மறைக்கவில்லை.

பிறகு கந்தசஷ்டி வந்தது. ஆறு நாள். தேனுகா விரதம் என்று எனக்குத் தெரியும், ஒரே வீடுதானே. கோயிலில் பின்னேரப் பூசை முடியப் பாலும் பழமும் தருகிறார்கள், அங்கேயே எடுக்கிறேன் என்றாள். நான் ஓம் என்றேன். எங்களுடைய விரதம்தானே, நீயும் நானும் பிடித்த விரதம்தானே, இதில் கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். மாகாணப் போட்டிக்கு ஐந்து கிழமைதான் இருந்தது. ஒரு நிமிடம்கூடக் குறைக்கவில்லை.

அவள் பாலும் எடுக்கவில்லை, பழமும் எடுக்கவில்லை. மிளகும் மூன்று மிடறு தண்ணீரும் மட்டும். அதுவும் விடியற்காலையில் ஒருதரம். தண்ணீருக்கு விசில் ஊதும்போது மற்றவர்களோடு சேர்ந்து போத்தலைத் தூக்கி வாயில் வைப்பாள், விழுங்கமாட்டாள். எல்லாரும் நடந்துகொண்டு குடிப்பதால் யாரும் கவனிக்கவில்லை. ஒரு இடத்தில் நிற்பாட்டிக் குடிக்க வைத்திருந்தால் நான் கண்டிருப்பேன். நடந்து குடி என்பது என் சட்டம்.

ஐந்தாம் நாள் ஞாயிறு. வெயில் சரியான வெயில், காற்றே இல்லை. மூன்றாவது ஆட்டத்தில் பந்து அவள் கையில் இருந்தது. எல்லாரும் எண்ணினோம். மூன்று என்ற பிறகும் எறியவில்லை. நான் விசில் ஊதி, என்ன சென்டர், நித்திரையா என்று பகிடியாகக் கேட்டேன். பந்தை என்னைப் பார்த்து நீட்டினாள். அப்படியே சரிந்தாள். தொட்டுப் பார்த்தால் உடம்பு கொதிக்கிறது, வேர்வை ஒரு துளி இல்லை. ஸல்ஹாதான் தன் போத்தலை அவள் தலையில் கவிழ்த்துவிட்டு ஓட்டோ பிடிக்க ஓடினாள். நான் பந்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு அது தெரியாது.

சூடு தலைக்கு ஏறியிருக்கிறது. வெறும் உடம்போடு அப்படி ஓடியதில் தசைகள் உடைந்து, அந்தக் கழிவு போய்ச் சிறுநீரகத்தை அடைத்துவிட்டது என்று டாக்டர் விளங்கப்படுத்தினார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் மெஷினில் போட்டு இரத்தத்தைச் சுத்தம் செய்கிறார்கள். இளம் பிள்ளை, சிறுநீரகம் திரும்ப வேலை செய்யலாம் என்றார். முதல் கிழமை அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். இப்போது கடதாசியைப் பார்த்துச் சொல்கிறார். வெள்ளி பின்னேரம், உன்னோடு கதைத்து முடிந்த பிறகு, திரும்பவும் காய்ச்சல் பிடித்திருக்கிறது. தாய்க்கு அறிவித்துவிட்டீர்களா என்று நேற்றுக் கேட்டார். இன்று காலையிலும் கேட்டார்.

பிள்ளைகள் முறை வைத்து வருகிறார்கள். ஸல்ஹாவின் உம்மா நாள் தவறாமல் எனக்குச் சாப்பாடு கொடுத்துவிடுகிறா. ஒருநாள் வார்டுக்கு வெளியே கதிரையில் நான் இருக்க, ஸல்ஹா வந்து பக்கத்தில் இருந்தாள். கோபமாகச் சொல்லவில்லை, மெதுவாகத்தான் சொன்னாள்.

"எங்கட நோன்புக்கு வீடு வீடா வந்து கேட்டீங்க மிஸ். தேனுகாட்ட ஒரு சொல்லு கேக்கல்லையே."

அவள் சொன்னது சரிதான். அடுத்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அவ்வளவு பார்த்தேன். என் வீட்டுப் பிள்ளையை, நீ நம்பி என் கையில் தந்துவிட்டுப் போன பிள்ளையை, எனக்குத் தெரியும் என்று விட்டுவிட்டேன்.

இப்போது அணியில் ஆறு பேர்தான் மிச்சம். மற்றவர்களின் வீடுகளில் அனுப்பவில்லை, அதைப் பிழை சொல்லமாட்டேன். அந்த ஆறு பேரும் பின்னேரத்தில் போய் வரிசையில் நின்று, ஒரு பந்தை மாறி மாறி எறிந்துவிட்டு வருகிறார்களாம். எண்ணுவதில்லையாம். போட்டிக்குப் பெயர் கொடுத்ததை நான் இன்னும் வாபஸ் வாங்கவில்லை. ஏன் என்று எனக்கே தெரியாது.

அடுத்ததை எழுதத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன். ஏன் பிள்ளை இப்படி ஒரு விரதம் பிடித்தாய் என்று அவளுக்கு அறிவு தெளிந்த அன்று கேட்டேன். வெருகல் முருகனுக்கு நேர்த்தி வைத்தாளாம். தை மாதத்தோடு உன் ஒப்பந்தம் முடிகிறது, மடம் உன்னை மறிக்காமல் விடவேண்டும், அம்மா தைக்கு வீட்டுக்கு வரவேண்டும். அவ்வளவுதான் கேட்டாளாம். பாலும் பழமும் எடுத்தால் முருகன் சின்ன விரதம் என்று நினைத்துவிடுவாரோ என்று பயந்தாளாம்.

நீ இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்து வைத்துவிட்டாய் என்று ஆவணி மாதமே எனக்குச் சொன்னாய். போட்டி முடியும்வரை பிள்ளைக்குச் சொல்லாதே, விளையாட்டை விட்டுவிடுவாள் என்றாய். எனக்கும் அது வசதியாக இருந்தது. நல்ல சென்டரை யார் விடுவார்கள்? நடக்காத ஒன்றுக்காக அவள் ஐந்து நாள் மூன்று மிடறு தண்ணீரோடு ஓடினாள். நடக்காது என்று தெரிந்தவள் நான். விசில் ஊதினவளும் நான். உன்மேல் பாரத்தைப் போடுவதற்கு இதை எழுதவில்லை. அந்த வீட்டில் படுக்கையில் கிடக்கிற கிழவியை விட்டு வர உன்னை விடமாட்டார்கள், பாஸ்போர்ட் அவர்கள் கையில் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். பாரம் என்னுடையதுதான், உன்னுடைய பங்கு எவ்வளவு என்று நீயே பார்த்துக்கொள்.

நேற்றுப் பின்னேரம் மெஷினைக் கழற்றிய பிறகு என்னைக் கிட்டக் கூப்பிட்டாள். அம்மா தைக்கு வருவாதானே அன்ரி என்று கேட்டாள். நான் ஓம் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு, அப்ப சரி என்றாள்.

ஆஸ்பத்திரிக் கடிதம் ஒன்று இங்கிலீசில் எழுதி, சீல் வைத்து வாங்கி இதற்குள் வைத்திருக்கிறேன். அதை மடத்திடம் காட்டு. அவவும் பிள்ளை பெற்றவதானே. காலைப் பிடிக்க வேண்டுமென்றால் பிடி, வெட்கப்படாதே. ஒன்றும் சரிவராவிட்டால் கமலேஸ்வரி அக்காவுக்குத் தூதரகத்தில் ஆட்களைத் தெரியும். என்னை நீ மன்னிக்க வேண்டாம், வந்து நின்று என் முகத்துக்கு நேரே ஏசு, நான் கேட்டுக்கொண்டு நிற்பேன்.

முருகன் உனக்கு வழி விடட்டும். தை வரும்வரை பார்த்துக்கொண்டு இருந்துவிடாதே, பிரசாந்தி. இந்த மாதமே வா.

உன்
கஜந்தி