இடது பக்கத்துப் பெடல்

அன்புள்ள மகன் சங்வானிக்கு, அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நீ ஜோகன்னஸ்பர்க்கில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பாய். இங்கே நானும் உன் தங்கை டெம்வாவும் இருக்கிறோம். சுகமா என்று மட்டும் கேட்காதே, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம் என்றால் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் நீ பக்கத்தில் நிற்கிறவனிடம் பேச ஆரம்பித்துவிடுவாய், அப்புறம் லைன் சரியில்லை அம்மா என்பாய். காகிதத்துக்கு லைன் எப்போதும் சரியாக இருக்கும். பக்கத்து வீட்டு நியாம்ஹாங்கோவின் மருமகன் பஸ்ஸில் அங்கே திரும்புகிறான், அவனிடம் கொடுத்துவிடுகிறேன். உட்கார்ந்து முழுவதும் படி.

இந்த வருடம் மழை மோசமில்லை, மக்காச்சோளம் தேறிவிடும். வெள்ளாடு குட்டி போட்டிருக்கிறது. உன் அப்பாவின் கல்லறைக்கு சிமெண்ட் பூசியாகிவிட்டது, அது நீ அனுப்பியதில் நடந்தது, அதற்கு உன்னை வாழ்த்துகிறேன், செய்ததை இல்லை என்று சொல்லமாட்டேன். நல்ல செய்தி இதோடு முடிந்தது.

துக்கம் முடிந்து நான் தலைத்துணியை மாற்றிக்கொண்ட அடுத்த வாரமே உன் சித்தப்பா யோத்தாமு மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தார். வந்தவர் எனக்கு வணக்கம் சொல்லவில்லை, நேரே சுவரோரம் நின்ற சைக்கிளிடம் போய் காளை பிடிக்க வந்தவர் மாதிரி சீட்டைத் தட்டிப் பார்த்தார், சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். அப்புறம்தான் நான் அவர் கண்ணில் பட்டேன். “அண்ணன் சைக்கிளை எடுத்துட்டுப் போக வந்தேன் அண்ணி, சங்வானிகிட்ட கேட்டாச்சு” என்றார். என்ன சொன்னான் என்று கேட்டேன். “எடுத்துக்கோங்க சித்தப்பா, அம்மாவுக்கு இனிமே எதுக்கு சைக்கிள்னு சொல்லிட்டான்” என்றார். நியாம்ஹாங்கோ அங்கேதான் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் முன்னால் சொன்னார்.

அம்மாவுக்கு இனிமேல் எதற்கு சைக்கிள். ஏன் மகனே, புருஷன் செத்தால் பெண்டாட்டிக்குக் காலும் போய்விடுமா? விடியும் முன் மாவு பிசைந்து, மண்டாசிப் பலகாரம் பொரித்து, வாளியில் அடுக்கி, ஆஸ்பத்திரி வாசலுக்கு நர்சுகள் வேலை மாறும் நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது உன் அப்பாவா? அவர் ஒருநாள் அந்த வாளியைத் தொட்டது உண்டா? டெம்வாவின் பள்ளிக்கூடம் அந்த வாளியில்தான் ஓடுகிறது, அந்த வாளி அந்த சைக்கிளில்தான் ஓடுகிறது. சைக்கிள் வாங்கின வருடம் அந்தப் பணத்துக்காகப் புகையிலையைக் கோத்துக் கட்டி என் விரலெல்லாம் கறுத்துப் போயிருந்ததை நீ பார்த்தவன். உன்னிடம் சித்தப்பா கேட்டாராம், நீ கொடுத்தாயாம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்க உன் போனில் என்ன குறைந்துவிட்டது?

சண்டை போட்டால் விதவைக்கு வாய் நீளம் என்பார்கள். அதனால் சரி, மகன் கொடுத்த சைக்கிளை எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் பெடல் இரண்டும் அவன் எனக்கு அனுப்பியது, பெட்டி மேல் அம்மாவுக்கு என்று எழுதியிருந்தது, அதை நான் கழற்றிக்கொள்கிறேன் என்றேன். அவர் சிரித்தார். “முடிஞ்சா கழட்டிக்கோங்க” என்று முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். வலது பக்கத்துப் பெடல் ஸ்பேனரைப் போட்டு ஒரு மிதி மிதித்ததும் கழன்றுவிட்டது. இடது பக்கம் அசையவில்லை. மழையிலும் சேற்றிலும் துருப்பிடித்து, பெடல் மாட்டுகிற கிராங்க் கையோடு ஒன்றாகிக் கிடந்தது. கிரீஸ் தடவி மாட்டுங்கள் என்று உன் அப்பாவிடம் தலைபாடாய் அடித்துக்கொண்டேன், கேட்டால்தானே. போனவரைத் திட்டக் கூடாது, விடு.

நான் மல்லுக்கட்டுவதைப் பார்த்து வழியில் போன பெண்கள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். என்ன, ஏது என்று கேட்டவர்களுக்கெல்லாம் நியாம்ஹாங்கோ முதலிலிருந்து சொன்னாள், குரலைக் குறைக்காமல் சொன்னாள். சித்தப்பாவால் உட்கார முடியவில்லை. எழுந்து வந்து “பொம்பளை கையில இது ஆகாது, கொண்டாங்க” என்று ஸ்பேனரைப் பிடுங்கி, வலதைக் கழற்றின அதே திக்கில் இடதையும் திருகினார். இடது பக்கத்து மரை தலைகீழ், நீங்கள் இறுக்குகிறீர்கள் என்றேன். “மரையில என்ன ஆம்பளை மரை, பொம்பளை மரை” என்றார், தன் உடம்பையெல்லாம் அதன் மேல் சாய்த்தார். ஸ்பேனர் வழுக்கியது, விரல் மூட்டெல்லாம் கிராங்கில் உரசித் தோல் போயிற்று. ஒருத்தி சிரித்தாள். யார் என்று எழுதமாட்டேன்.

அதன் பிறகு நான் செய்தேன். மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்தேன், கிராங்க் மேல் கொதிக்கிற வெந்நீரை ஊற்றினேன். கிராங்க் பின்னால் சுற்றிக்கொண்டு ஓடாமல் இருக்க வலது பக்கத்துக் கிராங்க் கையை என் இடுப்புத் துணியால் சட்டத்தோடு இறுக்கிக் கட்டினேன். நியாம்ஹாங்கோ வீட்டிலிருந்து ஒரு பழைய இரும்புக் குழாய்த் துண்டைக் கொண்டுவந்தாள், அதை ஸ்பேனர் காம்பில் சொருகினேன். ஸ்பேனரை மேலே நிமிர்த்திப் பின்சக்கரத்துப் பக்கம் தள்ள வேண்டும், எந்தப் பக்கத்துப் பெடலானாலும் அதுதான் கழற்றும் திக்கு. உன்னையும் நினைத்துக்கொண்டு தள்ளினேன், நீ சொன்ன அந்த வார்த்தையையும் நினைத்துக்கொண்டு தள்ளினேன். கோழி எலும்பை முறிக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது, பெடல் என் கையோடு வந்துவிட்டது. பெண்கள் குலவை போட்டார்கள். சித்தப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். பெடல் இல்லாத சைக்கிளோடு மலை ஏற வேண்டும், எதிரே வருகிறவனெல்லாம் என்ன ஆயிற்று என்று கேட்பான். கேட்கட்டும்.

ஆனால் ஜெயித்துவிட்டேன் என்று நினைக்காதே. அடுத்த நாளிலிருந்து வாளியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன். நான் போய்ச் சேரும்போது நர்சுகள் வேறு யாரிடமோ வாங்கித் தின்று முடித்திருப்பார்கள். ஆறிப்போன மண்டாசியைத் திரும்பச் சுமந்து வந்து நானும் டெம்வாவும் மதியமும் ராத்திரியும் அதையே தின்றோம். நான் பள்ளிக்கூடத்தை விட்டுடட்டுமா அம்மா என்று அவள் கேட்டாள். அதை அவள் கேட்கும்படி வைத்தது நீ.

போன ஞாயிறு, கோயில் முடிந்து எல்லாரும் வீடு திரும்பும் வேளையில் உன் சித்தப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என் வாசலுக்கு வந்தார். ரும்பி சந்தையில் வேறு பெடல் வாங்கியிருக்கிறார். வலது ஏறியதாம், இடது ஏறவே இல்லையாம், எவ்வளவு திருகினாலும் வெளியே வந்து விழுந்ததாம். கடையில் காட்டினால் கூலி கேட்பான் என்று காட்டவில்லை. செத்தவர் பிடித்து வைத்திருக்கிறார் என்று அவர் மனைவி சொல்லியிருக்கிறாள், அன்றிலிருந்து மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. “அண்ணன் விடமாட்டேங்கிறான் அண்ணி, நீங்களே வெச்சுக்கோங்க” என்று தரையைப் பார்த்துச் சொன்னார். நியாம்ஹாங்கோ கேட்டாள், தெருவே கேட்டது. எல்லாருக்கும் கேட்டாயிற்றா என்று பார்த்துக்கொண்ட பிறகுதான் நான் என் பெடல்களை எடுத்துவந்தேன். கிரீஸ் தடவி, அவர் மாட்டியிருந்ததைக் கழற்றி அவரிடமே கொடுத்துவிட்டு, வலதை வலமாக ஏற்றினேன், இடதை இடமாக ஏற்றினேன். வெண்ணெயில் கத்தி மாதிரி ஏறியது. அவர் என் கை சுற்றுகிற திக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குத் தோல் போன விரல் மூட்டைத் தடவிக்கொண்டார். போகும்போது “சங்வானிகிட்ட பேசிக்கிறேன்” என்றார்.

ஆகையால் அவர் உன்னைக் கூப்பிடுவார். அதற்கு முன் நீ அவரைக் கூப்பிடு. சைக்கிள் அம்மாவுடையது, அதைக் கொடுக்க நான் யார் என்று உன் வாயால் சொல். சித்தப்பா மனம் நோகுமே என்று இழுக்காதே, என் மனம் நோகுமே என்று அன்றைக்கு நீ யோசிக்கவில்லை. சொன்ன பிறகு எனக்குப் போன் செய், அதுவரை வேண்டாம்.

அங்கே குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ, வெறும் வயிற்றில் டீ குடிக்காதே. கடவுள் உன் கையையும் காலையும் காக்கட்டும், நல்ல புத்தியையும் சேர்த்துக் கொடுக்கட்டும். டெம்வா உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னாள், அவளுக்கு உன் மேல் கோபம் இல்லை. ஊரெல்லாம் இப்போது பெடல் ஏறாமல் போனது உன் அப்பாவின் கோபம் என்று பேசுகிறார்கள். உன் அப்பா பாவம், வாழ்நாளில் யார் மேலும் கோபப்பட்டவர் அல்ல. அது என் கோபம். அதையாவது எடுத்து யாருக்கும் கொடுத்துவிடாதே.

உன்னைப் பெற்றவள்,
நியாகோண்ட்வே