இரண்டு கிலோ எண்ணூறு

அன்புள்ள அக்காவுக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் “இவனுக்கு இப்ப என்ன வேணுமாம்” என்று முணுமுணுத்திருப்பாய். சரிதான், வேண்டியிருக்கிறது. அதற்கு முன், முழங்கால் வலி எப்படி இருக்கிறது? ஐந்து வருஷம் கேட்காததை ஒரு வரியில் கேட்கிறேன், பொறுத்துக்கொள்.

என் உத்தியோகத்தில் மாற்றம் இல்லை. இன்னும் கடை கடையாகப் போய்த் தராசுக்கு முத்திரை வைத்துக்கொண்டிருக்கிறேன். என்னிடம் வேலை பழகியவன் எனக்கே மேலதிகாரி. ‘சார், நீங்க சீனியர்’ என்று சொல்லிக்கொண்டே தூரத்து ஊர்களுக்கெல்லாம் என்னைத்தான் அனுப்புகிறான். இதையெல்லாம் நான் மறக்கிறவன் இல்லை என்பது உனக்குத் தெரியும்.

பேப்பரில் உன் துறையைப் பற்றிப் படித்தேன். குறைமாதத்திலும் எடை குறைவாகவும் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளியில் சேரும்போது செய்கிற கவனக்குறைவுப் பரிசோதனையை நிறுத்திவிடலாமா என்று மாதக் கடைசியில் குழு கூடுகிறதாமே. செயலர் நீ. எதிர்பார்த்ததில் கால்வாசிப் பிள்ளைகள்கூடப் பட்டியலில் வரவில்லை, ஆகவே பிரச்சினை அவ்வளவு பெரிதில்லை என்கிறார்களாம்.

உங்கள் திட்டத்தின் மேல் எனக்குக் கோபம் உண்டு. குறைமாதத்தில் பிறந்த என் மகள் பொடிசு இரண்டு வயதில் நடந்தாள், பேசினாள். ‘இயல்பு’ என்று உங்கள் வளர்ச்சி அட்டையில் எழுதி மூடிவிட்டார்கள். ஒரு பிள்ளைக்குப் பாடத்தில் மனம் நிற்கிறதா என்று இரண்டு வயதில் யாருக்குத் தெரியும்? அப்புறம் ஆறு வயதில்தான் உங்களுக்கு ஞாபகம் வருகிறது. அதுவும் சேர்க்கைப் படிவத்தில் ஒரே ஒரு வரியாக: பிறந்தபோது எடை. இரண்டு கிலோவுக்குக் குறைவென்றால் பள்ளி நர்ஸின் பட்டியலில் பேர் ஏறும். இல்லையென்றால் இல்லை.

பொடிசு இப்போது ஐந்தாம் வகுப்பு. பெஞ்சு மேல் ஏறிக் குதித்திருந்தால் யாராவது கவனித்திருப்பார்கள். இவள் ஜன்னலோரம் சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பாள், பாடம் அவளைத் தாண்டிப் போய்விடும். காலையில் ஒரு காலில் ஷூவும் கையில் இன்னொன்றுமாக இருபது நிமிஷம் நிற்பாள். டீச்சர் டைரியில் ‘சோம்பேறி’ என்று எழுதியபோது நான் கீழே கையெழுத்துப் போட்டேன். வாய்ப்பாட்டை ஐம்பது தடவை எழுதச் சொல்லிக் கையில் கடிகாரத்தோடு எதிரில் உட்கார்ந்தேன். பாதியில் பேனா நின்றுவிடும். நான் மேசையைத் தட்டுவேன். அவள் திடுக்கிட்டு மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பிப்பாள்.

போன வாரம் தலை வாரும்போது அவளுடைய அம்மாவிடம் கேட்டிருக்கிறாள்: “என் தலைக்குள்ள ஏதோ கெட்டுப்போச்சாம்மா? அப்பாகிட்ட கேக்காத, திட்டுவாரு.” என் மனைவியோ, “முழுசா வயித்துல வச்சுக்கத் துப்பில்லாதவ நான், எல்லாம் என்னாலதான்” என்று அழுதுகொண்டிருக்கிறாள்.

பள்ளிக்குப் புதிதாக வந்த நர்ஸ் பொடிசைப் பார்த்துவிட்டு அவள் அம்மாவைக் கூப்பிட்டு, “குறைமாசமா?” என்று விசாரித்திருக்கிறார். முப்பதாவது வாரம், ஆயிரத்து நூற்று நாற்பது கிராம் என்று இவள் சொல்ல, நர்ஸ் படிவத்தைப் புரட்டி, “இதுல ரெண்டு கிலோ எண்ணூறுன்னு போட்டிருக்கே” என்றாராம். வீட்டுக்கு வந்தவள், “அந்தக் கிளார்க் எந்த நினைப்புல எழுதினானோ, நாசமாப் போறவன்” என்று திட்டித் தீர்த்துவிட்டாள். நான் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கிளார்க் எழுதவில்லை அக்கா. நான் எழுதினேன்.

படிவம் வாங்கிய அன்றைக்கு நீ எங்கள் வீட்டில்தான் இருந்தாய். “எடையை மறைக்காதடா. அந்த ஒரு வரிக்காகத்தான் இத்தனை வருஷம் ஃபைலத் தூக்கிட்டு அலைஞ்சேன்” என்றாய். “உன் திட்டத்துக்கு ஆள் பிடிக்க என் பொண்ணுதான் கிடைச்சாளா?” என்று கேட்டேன். அதோடு விடவில்லை. பிள்ளை இல்லாத உன்னிடம் சொல்லக்கூடாத ஒன்றையும் சொன்னேன். நீ பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். நீ போன பிறகு, அதே மேசையில், அதே கோபத்தில் எழுதினேன். ஐம்பது கிராம் குறைத்து நிறுக்கிற கடைக்காரன் மேல் வழக்குப் போடுகிறவன், ஆயிரத்து அறுநூற்று அறுபது கிராம் கூட்டி எழுதினேன்.

நான் ஒருவன்தான் இப்படி என்று நினைக்காதே. கீழ்வீட்டுத் தையல்காரரிடம் பேச்சுக் கொடுத்தேன். “சேத்துக்கமாட்டாங்களோன்னு பயம்ண்ணே, அரை கிலோ ஏத்திப் போட்டேன்” என்று சிரித்தார். உங்கள் எண்ணிக்கை குறைவதற்குக் காரணம் இதுதான். பிள்ளைகள் இல்லாமல் இல்லை, பெற்றவர்கள் மறைக்கிறோம். இந்தக் கடிதத்தை அப்படியே ஃபைலில் வைத்துக்கொள், எனக்கு வெட்கமில்லை. அப்பன்களைக் கேட்காதீர்கள். எடை பிரசவ வார்டுப் பதிவேட்டிலிருந்து நேராகப் பள்ளிக்குப் போகட்டும். இரண்டு வயதில் அட்டையை மூடாதீர்கள், ஆறிலும் எட்டிலும் பாருங்கள். சத்தம் போடாத பிள்ளைகளையும் பாருங்கள்.

நாளைக் காலை தலைமையாசிரியையிடம் போய் என் கையாலேயே அந்த எண்ணை அடித்துத் திருத்தப்போகிறேன். இன்று சாயங்காலம் இவளிடம் சொல்லியாக வேண்டும். தலைமையாசிரியையைவிட அதற்குத்தான் பயமாக இருக்கிறது. பிரசவத்தை இத்தனை வருஷம் தன் தலையில் போட்டு அழுதவளிடம், பிறகு நடந்தது என்னால் என்று எப்படி ஆரம்பிப்பது?

பரிசோதனை மையத்தில் ஐந்தாம் வகுப்பு வரைதான் எடுப்பார்களாம். இன்னும் மூன்று மாதம்தான் இருக்கிறது. தாமதமாகத் திருத்தியவர்களையும் சேர்க்கலாம் என்று குழு ஒரு வரி எழுதினால் போதும். என் மகளுக்காகச் சலுகை கேட்கவில்லை என்று எழுதத்தான் நினைத்தேன். பொய்யாகிவிடும். கேட்கிறேன்.

அவளுக்கு அத்தை ஒருத்தி இருக்கிறாள் என்று தெரியும், முகம்தான் ஞாபகமில்லை. பதிலைத் தபாலில் அனுப்பாதே அக்கா. நேரில் வா. என்னோடு பேச வேண்டாம், என் முகத்தைக்கூடப் பார்க்க வேண்டாம். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் தலைக்குள் எதுவும் கெட்டுப்போகவில்லை என்று சொல். நான் சொன்னால் நம்பமாட்டாள்.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் தம்பி