ஈரத்துணி பட்ட கம்ப்யூட்டர்

வேல்விழி அக்கா,

கம்ப்யூட்டர் பிழைத்துவிட்டது! உன் பொம்மைப் படங்கள் எல்லாம் பத்திரம். பென்டிரைவிலும் போட்டு டிவி பக்கத்தில் வைத்திருக்கிறேன். கொலு ஆர்டர் பேச வேப்பூர்க் கடைக்காரர் மத்தியானம் வந்தால் தைரியமாகக் காட்டு.

"கரண்டு போனப்ப நீதான அதுல ஒக்காந்திருந்த, என்னாடி பண்ணித் தொலைச்ச?" என்று நேற்று சாயங்காலம் கரண்டு வந்தும் கம்ப்யூட்டர் ஓடாதபோது கத்தினாயே, நான் ஒன்றும் செய்யவில்லை. சுடாத பொம்மைகள் காய்ந்து வெடிக்காமலிருக்க இருட்டிலேயே ஈரத்துணி போர்த்தினாய் அல்லவா? பக்கத்திலிருந்த சிபியூவையும் சேர்த்துப் போர்த்தியிருக்கிறாய். காலையில் பார்த்தால் அதன் தலையில் களிமண் கறை, உள்ளே ஈரம். ஒயரையெல்லாம் பிடுங்கி, துடைத்து, ஃபேனுக்கு அடியில் வெகுநேரம் காயவைத்தேன். மறுபடி மாட்டி பட்டனை அழுத்தியதும் ஓடியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சாம்பாரைச் சூடு பண்ணிக்கொள். வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டு லீமா அக்காவிடம் கொடு.

கார்முகில்

அம்மாவிடம், "வோல்டேஜு பிரச்சனைம்மா" என்று சொல்லிவிட்டேன். நீயும் அதையே சொல்.

இன்னொன்று: ஆர்டர் கிடைத்ததும் போன் செய். அதுவரை நான் படித்துக்கொண்டிருக்கும் துப்பறியும் நாவலைத் திறக்க மாட்டேன். அந்த நார்வே ஊரில் கொலை செய்தது யாரென்று தெரிய நாலே பக்கம்தான் பாக்கி.