வெடித்த பியரும் தப்பிய பாட்டிலும்

எங்கள் வீட்டு மகாராணி கோடலீவ் சமூகத்துக்கு, பெர்கன் கப்பல் பட்டறையிலிருந்து உன் அடிமை வான்னெஸ் எழுதுவது. நான் கல்லுப்போல் இருக்கிறேன். உன் முழங்கால் வலி தேவலையா?

ஒரு சின்ன விஷயம், பயப்படாதே. நான் காய்ச்சிப் பாட்டிலில் அடைத்த பியர் நுரைக்கவே இல்லை. குளிரில் ஈஸ்ட் தூங்கிவிட்டது தெரியாமல், சர்க்கரைதான் போதவில்லை என்று ஒவ்வொன்றிலும் இன்னொரு கரண்டி போட்டு, வீட்டுக்காரம்மா ராக்னில்ட் துணி உலர்த்தும் அறையில் கணப்பருகே வைத்தேன். வியாழன் மதியம் இருபத்தொன்பது பாட்டில்கள் வெடித்தன. நார்வே நாடே இரண்டு அங்குலம் நகர்ந்தது. அவருடைய வெள்ளை விரிப்புகளெல்லாம் சளிபோல் வண்டல், அழுகிய முட்டை நாற்றம். சீ!

"வான்னெஸ், மூட்டையைக் கட்டுறீங்களா, இல்ல மிச்சமிருக்கற அந்த ஒண்ணை என் கண்ணு முன்னால குடிக்கிறீங்களா?"

"அதுக்கு என்னைத் தூக்குல போட்டுடலாமே அம்மா!"

"ஒரு சொட்டு மிச்சம் வைக்கக் கூடாது, ஆமா."

மூடி இறுகாமல் வாயு கசிந்ததால் தப்பிய பாட்டில் அது. ஈரக் காலுறையைப் பிழிந்த தண்ணீர்தான். குமட்டக் குமட்டக் குடித்து முடித்தேன். சாப்பிட்டீங்களா என்று என்னைக் கேட்கும் வீடு இந்த ஊரில் வேறு ஏது?

துடைப்பத்தோடு கூப்பிடுகிறார், ஓடுகிறேன். சுவர் துடைக்கத் துணியில்லை. சமைக்கும்போது நீ கட்டிக்கொள்ளும் அந்தப் பழைய ஏப்ரனை அனுப்பு. துவைத்துவிடாதே.

உன் வான்னெஸ்