நாற்பத்தெட்டு எண்கள்

திங்கள், காலை 7.10
என் எழுத்து கோணல் மாணலாக இருக்கும். இதைக் கண்டெடுப்பவர் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் தொம்மை. வயது அறுபத்தேழு. முன்பு சங்கு குளித்தேன். இப்போது இந்தக் கடலடி ஆய்வு நிலையத்தில் சமையலும் காவலும். எழுதக் கற்று நான்கு மாதம்தான் ஆகிறது. காற்றழுத்தம் சரி. கசிவு இல்லை. 'கசிவு' என்பதை எதையும் பார்க்காமல் எழுதினேன்! டாக்டர் இன்பவல்லி ஆய்வு வண்டியில் கீழே பள்ளத்துக்குப் போயிருக்கிறார். மேலே புயல். படகு வராது.

காலை 9.40
கணினி அணைந்தது. கருகிய வாடை. கணினி வழிகாட்டாமல் ஆய்வு வண்டி திரும்பாது. டாக்டர் ஃபோனில்:
"அண்ணாச்சி, பதறாதீங்க. வழி பதிஞ்ச டிஸ்க் நல்லாத்தான் இருக்கும். கழட்டிப் புதுக் கம்ப்யூட்டர் பெட்டியில மாட்டுங்க. நெத்திலி ஆயுற கைக்கு நாலு ஸ்க்ரூ ஒரு வேலையா?"

காலை 11.05
மாட்டினேன். திரையை எழுத்துக் கூட்டி வாசித்தேன். கணினி புதிது என்பதால் டிஸ்க் பூட்டிக்கொண்டதாம். நாற்பத்தெட்டு எண்கள் கேட்கிறது.
"டிராயர்ல ஒரு சீட்டுல பென்சில்ல எழுதி வச்சிருக்கேன். வாசிங்க."
அந்தச் சீட்டைப் போன மாதம் நான்தான் எடுத்தேன். வெறும் எண்கள்தானே என்று ரப்பரால் அழித்து, என் பெயரை எழுதிப் பழகினேன். வெட்கம். தேடுகிறேன் என்றேன்.

காலை 11.50
"கிடைச்சுதா அண்ணாச்சி?"
"அடுத்த டிராயர்ல பாக்கேன்ம்மா."
இருப்பது ஒரே டிராயர். சீட்டு என் சட்டைப்பையில்.

பகல் 12.15
எண்களை அழித்ததைச் சொல்லிவிட்டேன். டாக்டர் கேட்டார்:
"பேரா? எத்தன தடவ?"
"பத்தொம்பது."
"இதத்தான் ஒரு மணி நேரமாத் தேடுனீயளாக்கும்! சரி. நான் அழுத்தி எழுதுறவ. டார்ச்சச் சாய்ச்சுப் பிடிச்சுத் தடத்தப் பாருங்க."

பகல் 2.40
ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தேன். ஓர் எண் மட்டும் மூன்றா எட்டா என்று தெரியவில்லை. மூன்றுக்குத் திறக்கவில்லை. எட்டுக்குத் திறந்தது. வண்டி ஏறுகிறது. வந்து சேர ஐந்து மணி நேரம். டாக்டரிடம் நான்கு மணி நேரக் காற்று. குறைவது, நான் தேடுவதாகச் சொன்ன அந்த ஒரு மணி நேரம்.
"அண்ணாச்சி, அத நோட்டுல எழுதாதீங்க, என்ன?"
எழுதிவிட்டேன்.

மாலை 6.50
ஃபோனில் முதலில் மூச்சு கேட்டது. இப்போது மோட்டார் சத்தம் மட்டும். வண்டி சரியான வழியில்தான் வருகிறது. அடுத்த வாரம் புயல் ஓய்ந்து படகு வரும். அதற்குள் டாக்டரின் அம்மாவுக்கு என் கையாலேயே எழுதுவேன். நான் தேடவில்லை என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுவேன்.